எங்கள் வளவுக்கு மேலே யார்?

 

2021 ஜூன் மாதம் இதே ஏறாவூரில் என்ன நடந்தது? கொரோனாப் பயணக் கட்டுப்பாட்டை மீறினார்கள் என்று சொல்லி, நம்முடைய ஆட்களை நடுத்தெருவில் முழங்காலில் இருத்தி, இரண்டு கையையும் தூக்க வைத்தது இராணுவம். அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் விசாரணை என்று வாய் திறந்தார்கள், பொறுப்பதிகாரியை மாற்றினார்கள். படம் மட்டும் வராமல் போயிருந்தால், அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று நம்மிடமே சத்தியம் பண்ணியிருப்பார்கள்!

இப்போது கமரா பொலிஸ் கையில். அதுவும் ஆகாயத்தில். 2020 நவம்பரிலேயே, கொழும்பு வடக்கில் முடக்கப்பட்டிருந்த பகுதிகளுக்கு மேலே விமானப்படையின் ட்ரோனைப் பறக்கவிட்டு, வெளியே நின்றவர்களைப் பிடித்தது பொலிஸ். எடுத்த படம் எங்கே? எத்தனை நாளைக்கு வைத்திருப்பீர்கள்? யார் யாருக்குக் கொடுப்பீர்கள்? பொலிஸ் ட்ரோனுக்கென்று நம் கையில் ஒரு தனிச் சட்டம் இல்லை. பொலிஸுக்கு இருக்கிற கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டுடையது. குதிரையில் போன பொலிஸுக்கு வெள்ளைக்காரன் எழுதி வைத்தது!

தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்கிறார்கள். குளியலறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வந்து அதைச் சொல்லுங்கள்! நம்முடைய பெண்கள் கிணற்றடியில் குளிக்கிறார்கள். அதற்காகத்தானே சுற்றிவரக் கிடுகும் தகரமும் அடித்திருக்கிறோம்? மேலே யாரும் மறைப்புப் போடவில்லை. காகம் மட்டும்தான் பார்க்கும் என்றிருந்தோம்.

கல்யாண வீட்டில் ட்ரோன் விடுகிற ஸ்டூடியோப் பொடியன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிய வேண்டும். அவனுக்கு அத்தனை விதி. துவக்கும் விலங்கும் வைத்திருப்பவருக்கு?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 2013இலேயே சட்டம் போட்டது: அவசர நிலைமை தவிர, நீதிமன்ற ஆணையில்லாமல் பொலிஸ் ட்ரோன் விட்டுச் சாட்சியம் திரட்டக் கூடாது. செய்தது வாஷிங்டன் அல்ல, மாநிலம்! நமக்கு மாகாண சபை எங்கே? 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணப் பட்டியலில் எழுதியது. இன்றுவரை தரவில்லை. நியதிச் சட்டம் இயற்றக் கிழக்கு மாகாண சபையாவது இருந்தது; அதன் கடைசி முதலமைச்சர் நசீர் அஹமட் இந்த ஊர்க்காரர். 2017 செப்டம்பர் 30ஆம் திகதி அதன் காலமும் முடிந்தது. மாகாண சபை எங்கே? எல்லை நிர்ணயம் என்றார்கள், சட்டச் சிக்கல் என்றார்கள். நம்முடைய அரசியல்வாதிகள் கூட்டத்தில் தலை எண்ண ட்ரோன் விடுவார்கள். சபை எங்கே என்று கேட்கச் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும்!

2024 பெப்ரவரியில் இந்தியாவில், பஞ்சாப்–ஹரியானா எல்லையான ஷம்புவில், ஆர்ப்பாட்டம் செய்த விவசாயிகளின் தலைக்கு மேலே ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது ஹரியானா பொலிஸ். விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டம் ஏற்றினார்கள், நூலில் சிக்க வைக்க! நம்முடைய பிள்ளைகளும் பட்டத்தில் சளைத்தவர்களல்ல. ஆனால் மானத்தைப் பட்டம் விட்டா காப்பது? சட்டம் தாருங்கள்!

நீதவானின் ஆணையில்லாமல் பொலிஸ் ட்ரோன் வீட்டு வளவுக்கு மேலே பறக்கக் கூடாது. வழக்குக்குத் தேவைப்படாத படத்தை அழிக்க வேண்டும். ஜனாஸாவிலும் கோயில் திருவிழாவிலும் ஆர்ப்பாட்டத்திலும் முகம் பொறுக்கக் கூடாது. சபை வரும்வரை பாராளுமன்றம் இதைச் செய்யட்டும். சபையைத் தந்தால் நாங்களே செய்துகொள்வோம். இந்தக் கோரிக்கைகளை எழுதிய மகஜர் மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெண்கள் பக்கத்துக்கு வேறு தாள் வைத்திருக்கிறோம். கையொப்பம் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.