இருந்த இடத்தே வழிச்செலவு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் இன்று இயந்திரம் ஒன்றைப்பற்றிப் பேச எழுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி மிதிவண்டியும், அதன்மேல் அமர்ந்தவர் கண்ணுக்குத் தொலைவிலுள்ள வழிகளைக் காட்டும் மெய்ந்நிகர்க் காட்சிக் கருவியுமே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். இளைஞர் இக்கருவியை வீ.ஆர். என்று வழங்குவர். இது விளையாட்டுப் பொருளன்றோ என்று பெரியோர் கருதல் வேண்டா. இதன் பயன் இளைஞரினும் பெரியோர்க்கே மிகுதி என்பது எம் துணிபு.

நம் சமூகத்துப் பெரியோர் பலர் இக்காலத்து நகரங்களில் மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் காலங்கழிக்கின்றனர். மக்களிற் பலர் வெளிநாடுகளில் உளர். நீரிழிவாயினும் முழங்கால் நோவாயினும் மருத்துவர் கூறுவது ஒன்றே: ‘காலை அசையுங்கள்’ என்பது. தெருவில் நடக்கவோ மோட்டார் வண்டிகள் இடந்தருவதில்லை. ஆதலின் மகன் அன்போடு ஓர் உடற்பயிற்சி மிதிவண்டியை வாங்கியனுப்புகின்றான். முதல் வாரத்தில் அது சுழல்கின்றது. இரண்டாம் வாரத்தில் நிற்கின்றது. மூன்றாம் வாரந்தொட்டு ஈரத்துண்டு உலர்த்தும் கொடியாகின்றது. இவ்வுண்மையைத் தாய்மார்கள் யாம் சொல்லாமலே அறிவர்.

அது நின்றமைக்குக் காரணம் சோம்பலே என்பர் இளையோர். அற்றன்று. மனிதன் கால் ஓரிடத்தை நோக்கி நடக்கப் பழகியது. சுவரை நோக்கி மிதிக்கப் பழகியதன்று. செக்கு மாடு சுற்றும்போதேனும் எண்ணெய் வருகின்றது. இவ்வண்டியில் வருவது வியர்வை ஒன்றே. 1912-ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் இத்தகைய நிலைவண்டிகள் இருந்தன. மிதிப்பவர் கடந்த தொலைவைக் காட்ட முள்ளோடும் பெரியதொரு வட்டும் அங்கே இருந்தது. வழி இல்லாத இடத்தில் முள்ளாவது ஓடவேண்டியிருந்தது போலும்!

அம்முள்ளின் இடத்தில் வழியையே கொண்டுவந்து நிறுத்துவதுதான் இப்புதுக்கருவி. இதன் அடிப்படை பழையது. நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சிறிது வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன; அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்குங்கால் ஆழம் தோன்றுகின்றது. இதனை 1838-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கி, கண்ணுக்கொன்றாக இரு படங்களைக் காட்டும் கருவியையும் அமைத்துக் காட்டினார். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய மார்ட்டன் ஹைலிக் என்பார் ‘சென்சொராமா’ என்னும் பெட்டிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அதனுள் முகத்தை வைத்தமர்ந்தவர் நியூயார்க்குத் தெருக்களில் மோட்டார் சைக்கிளிற் செல்வதாக உணர்வர், இருக்கை அதிரும், காற்று வீசும், மணமும் வரும். செல்வர் எவரும் பொருள் கொடுத்து ஆதரியாமையால் அம்முயற்சி நின்றது. 1968-இல் ஐவன் சதர்லாந்து தலையிலணியுங் கருவியொன்றை அமைத்தார். தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்பியது. இற்றை நாளைய கருவிகள் அனைத்தும் அதன் வழிவந்தனவே.

இனி, அரியதொரு செலவைக் கேண்மின். 2016-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் வாழ்ந்த ஒருவர் தம் வீட்டு நிலைவண்டியில் உணர்கருவியொன்றைப் பொருத்தி, முகத்தில் காட்சிக் கருவியை அணிந்து, பிரித்தானியத் தீவின் தென்மேற்கு முனையாகிய லாண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்குக் கோடியிலுள்ள ஜான் ஓ குரோட்ஸ் வரையிற் செல்லத் தொடங்கினார். சாலைவழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். 2007-ஆம் ஆண்டுமுதல் கூகிள் நிறுவனத்தார் மோட்டார் வண்டியின் உச்சியில் படக்கருவிகளை ஏற்றி உலகத்துச் சாலைகளைப் படமெடுத்து ‘ஸ்ட்ரீட் வியூ’ என்னும் பெயரால் வெளியிட்டு வருகின்றனரன்றோ? அப்படங்களே இவர்க்கு வழியாயின. மிதி சுழலுந்தோறும் அடுத்த படம் வரும். பல மாதங்கள் சிறுகச் சிறுக மிதித்து, வீட்டைவிட்டு வெளிப்படாமலே தீவின் மறுமுனையை அடைந்தார்.

அவ்வழி எத்தன்மையது என்பதை எண்ணிப்பார்ப்பது இன்பந்தரும். அப்படங்கள் ஒரே நாளில் எடுக்கப்பட்டனவல்ல. ஆதலின் ஒரு வளைவுக்கு இப்பால் கோடை வெயில் எரிக்கும். அப்பால் சாலை மழையில் நனைந்து கிடக்கும். ஓரடி மிதிப்பில் இலையுதிர்ந்த மரம் தளிர்த்து நிற்கும். எதிர்வருவோர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நிற்பர். ஒருவர்க்கும் முகமில்லை, தனிமறை காக்கும்பொருட்டு முகங்களை மங்கலாக்கி வைத்துள்ளனர். மழையிலும் நனையாது, நாயாலும் துரத்தப்படாது செல்லலாம். ஒருவரும் நின்று நலம் உசாவார்.

இவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. அவ்வழியில் ஓசை இல்லை. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு வழியுரைக்கும் நூல். இன்ன இடத்தில் வழுக்கும், இன்ன இடத்தில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் கூறிச்செல்லும் அப்பாட்டில், மலையில் எழும் பல்வேறு ஓசைகளை அடுக்கிக் கூறும் நெடும்பகுதி ஒன்றுண்டு. நூலுக்குப் பெயரும் அதுபற்றியே வந்தது. வழியைக் கண்ணால் மட்டும் அறிதல் அரைகுறை அறிவே என்பதைப் பெருங்கௌசிகனார் நன்குணர்ந்திருந்தார். கோடிக்கணக்கான பொருள் செலவிட்டோர் அவரை ஒருகால் கேட்டிருக்கலாம்!

கால் மிதிக்கும் உழைப்போ பொய்யன்று. இந்நாளைய நல்ல நிலைவண்டிகளில் சக்கரத்தைக் காந்தம் தடுக்கும்; காட்சியில் ஏற்றம் வந்தால் தடை மிகும், இறக்கத்தில் தளரும். பிரெஞ்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் 21 கொண்டையூசி வளைவுகளையுடைய அல்ப் துயேசுச் சாலையை அவ்வாறே அமைத்து, வீட்டிலிருந்தபடி ஏறுவார் பலர். 2020 டிசம்பரில் உலக மிதிவண்டிச் சங்கத்தார் இம்முறையில் முதல் உலகப் போட்டியையும் நடத்தினர். ஆடவருள் வென்றவர் ஜேசன் ஆஸ்பர்ன் என்னும் ஜெர்மானியர்; அவர் படகோட்டுதலில் வல்லவர். இளைஞர்க்கு இதுபோதும், மேலும் பேசின் பரீட்சைக் காலத்தில் பெற்றோர் எம்மைக் குறைகூறுவர்.

யாம் உண்மையிற் சொல்ல வந்தது நார்வே நாட்டுப் பெர்கன் நகரத்துச் செய்தியே. ஏழு மலைகளுக்கு நடுவே கடலோரத்திலுள்ள அந்நகரில் ஆண்டில் இருநூறு நாளுக்குமேல் மழை. முதியோர் வெளியே செல்வது அரிது. 2013-ஆம் ஆண்டில் அங்கே மோட்டிடெக் என்னும் நிறுவனம் தோன்றியது. முதியோர் இல்லங்களில் நாற்காலியில் அமர்ந்தபடியே மிதிக்கத்தக்க கருவியை வைத்து, எதிரே பெரிய திரையில் மிதிவண்டி ஓட்டுபவன் கண்மட்டத்திலிருந்து ஓசையோடு எடுத்த வழிப்படங்களைக் காட்டினர். அங்கு முகத்திலணியும் கருவி இல்லை என்பது கருதத்தக்கது. முதியவர் தாம் பிறந்த தெருவையோ, பள்ளிக்குச் சென்ற பாதையையோ, மணந்து வாழ்ந்த ஊரையோ கேட்டுப் பெறலாம். நினைவு தடுமாறியவர்க்கும் அவ்வழி நினைவைத் தூண்டும் என்பதே அவர்தம் நோக்கம். இம்முறை நார்வேயைக் கடந்து இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவியது. பல நாட்டு முதியோர் இல்லங்கள் கலந்துகொள்ளும் மிதிப்புப் போட்டியும் ஏற்பட்டது.

ஆல்ப்ஸ் மலையினும் தன் ஊர்த் தெருவே கிழவரை மிதிக்கச் செய்யும் என்பதை அவர்கள் கண்டனர். இஃது எளிய உண்மைதான். ஆயினும் நம் பிள்ளைகள் வாங்கியனுப்பும் கருவிகளில் சுவிட்சர்லாந்து உண்டு. நம் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் மண்பாதை இல்லை.

2022 ஜூலையில் சென்னை முதலிய பத்து நகரங்களில் ஸ்ட்ரீட் வியூ தொடங்கி, பின்னர் விரிந்தும் வருகின்றது. எனினும் மோட்டார் நுழையாத வரப்பும் ஆற்றங்கரையும் மோட்டாரின் உச்சியிலுள்ள கருவிக்கு எட்டா. அவற்றை நாமே படமெடுத்தல் வேண்டும். நால்வழிச் சாலைக்காகப் புளியமரங்கள் வெட்டப்பட்ட வழிகளை நாம் கண்டிருக்கின்றோம். எஞ்சியவற்றை அறிந்த பெரியோரும் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஆதலின் இதனைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

முகத்திலணியும் கருவியைப் பெரியோர்க்குக் கொடுத்தல் கூடாது என்பது எம் கருத்து. கண் ‘செல்கின்றோம்’ என்கின்றது; உட்காதிலுள்ள சமநிலை உறுப்போ ‘இருக்கின்றோம்’ என்கின்றது. இம்முரணால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வளைவுகளில் இன்னும் மிகும். இளைஞர்க்கே இடருண்டாக்குவது வயதானவரை வீழ்த்தவுங்கூடும். சுவரில் பெரிய திரை ஒன்றும், நாற்காலியோடு மிதிக்கும் கருவி ஒன்றும், ஒரு மின்விசிறியும் போதும். நம் மண்டபத்தின் கீழ்த்தளத்து அறையில் பழைய பந்தற்சாமான்கள் அடைந்துகிடக்கின்றன. அவற்றை மாடிக்கு ஏற்றினால் இடம் உண்டு.

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் பிள்ளைகள் கையில் கைப்பேசி இல்லாதார் இலர். முதலிற் பெரியோரிடம் எந்த வழி வேண்டும் என்று கேட்டெழுதிக்கொள்க. மிதிவண்டியின் கைப்பிடியில் கைப்பேசியை ஆடாமற் கட்டுக. விடியற்காலையில், வண்டிகள் மிகாத நேரத்தில், மெல்லச் செல்க. இடையே பேசற்க, பின்னர்ச் சினிமாப் பாட்டையும் சேர்க்கற்க. கோயில் மணியும் பம்புசெட்டும் காக்கையும் தம்பாட்டிற் கேட்கட்டும். இருபது நிமிடமாயினும் வெட்டாமல் முழுமையாக எடுத்தல் வேண்டும்.

மரம் போன சாலையைப் படமெடுத்துப் பயன் என்னை என்று நம் பொருளாளர் வினவினார். பெரியவர் அவ்விடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்தி, ‘இங்கேதான் நின்றது’ என்பார். அதனைக் கேட்க ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். மாலை ஐந்து முதல் ஆறு மணிவரை முறைவைத்து வந்தமர எம் மாணவர் நால்வர் இசைந்துள்ளனர். அவர்தம் பெயர்களைச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம். செவ்வாய், வெள்ளி ஆகிய இருநாட்களுக்கு மட்டும் இன்னும் ஆள் வேண்டும்.