நடுநிசியில் வலி கண்டால் கார் யாருடையது?



வளைகாப்பு என்றால் நம் குடும்பங்களில் எந்தக் குறையும் வைப்பதில்லை. கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், வகைவகையான சாதம், எல்லாம் வந்துவிடும். ஆனால், நடுநிசியில் வலி கண்டால் கார் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இது உயிர்க் கேள்வி. அன்று வலி கண்டால் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வருவார். மருத்துவச்சிப் பாட்டி வருவார். இன்று பல லயங்கள் காலி. உறவுகள் பட்டணத்தில். ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக்கு நடுவே மண்சாலையைத் தாண்டித்தான் பெரிய சாலைக்கே வரவேண்டும்.

அதற்காக அந்தக் காலமே மேல் என்று சொல்வதற்கில்லை. 1950-இல் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் அதிகமான தாய்மார்கள் இறந்தார்கள். 1990-களில் அது 50-க்கும் கீழே இறங்கியது. பயிற்சி பெற்ற தாதியரும், கிராமத்துக் கிளினிக்குகளும், மருத்துவமனைப் பிரசவமும் தந்த பலன் அது.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் வண்ண அடையாளம் ஒட்டியிருப்பார்கள். வெள்ளை என்றால் தாதியின் கவனிப்பு. பச்சை என்றால் கிளினிக் டாக்டர். மஞ்சள் என்றால் மருத்துவமனை டாக்டர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த வாரம் சிவப்பாகலாம். ஆகவே, கடைசி வாரங்களில் ஒரு பரிசோதனையையும் தவற விடக்கூடாது.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். "வெந்நீர் குடித்துவிட்டுப் படு, காலையில் பார்ப்போம்" என்பது அன்பான பேச்சுதான், ஆபத்தான பேச்சும்கூட. குழந்தையின் அசைவு 12 மணி நேரத்தில் 10-ஐ எட்டவில்லை என்றால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். திடீரென்று குறைந்தால் அந்த 12 மணி நேரமும் காத்திருக்கக்கூடாது.

கணவன்மார்களுக்கும் வேலை இருக்கிறது. 2023 ஜனவரி முதல் தாய்க்கு 98 நாள் பேறுகால விடுப்பும், ஓராண்டு வேலை செய்த தகப்பனுக்கு 7 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. தகப்பன் 30 நாள் முன்னதாகவே நிர்வாகத்திடம் சொல்லிவிட வேண்டும்.

பையில் துணிமணியோடு இளஞ்சிவப்புப் புத்தகம், இருவர் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம் இருக்கட்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாதவர்கள் குழந்தை பிறக்குமுன் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கும், சில வேளை பிள்ளையின் குடியுரிமைக்கும் சிக்கல் வரும். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும்.

காருக்கு ஒருவரிடம் சொல்லி வையுங்கள். அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்று இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். 999 எண்ணுக்கு அழைத்தால் தோட்டத்துக்கு வழி சொல்லவும் வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

அடுத்த வளைகாப்பில் வளையல் அடுக்கும் பெரியவர்கள், கார் யாருடையது என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்வியும் ஆசீர்வாதம்தான்.