தலையெழுத்தும் மரபெழுத்தும்

(வன்னியம்பட்டியில் ஆற்றப்பெற்ற அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



ஆ கன்றீன்றபின் விழும் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுவது நம் சிற்றூர்களின் பழைய வழக்கம். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட இவ்வூரார்க்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பால்மரத்தில் கட்டினால் ஆவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. ஆவின் கொடிக்கு மரக்கிளை. மாந்தக் கொடிக்கோ மண்குழி! அதற்கு இட்ட பெயரும் நஞ்சு, நஞ்சுக்கொடி என்பதே. மகவு பிறந்தபின் கருப்பையுள் அது தங்கிவிடின் தாயின் உயிர்க்கே கேடாகும் ஆகலின், அப்பெயரைப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. ஆனால், பிறப்பிற்கு முன் ஒன்பது திங்களும் அது செய்த தொண்டினை அப்பெயர் சொல்லவில்லை.

அத்தொண்டினுள் ஓர் அரிய உண்மை அடங்கியுள்ளது. 'எல்லாம் தலையெழுத்து' என்று நெடுங்காலம் ஏமாற்றப்பட்ட மக்கள், இன்று 'எல்லாம் மரபணு' என்று அதே பாட்டை வேறு பண்ணில் பாடக் கற்றுவருகின்றனர். கருச்சிதைவுற்ற பெண்ணையும், பேறுகாலத்தில் வலிப்புக் கண்ட பெண்ணையும் நோக்கி, முன்பு 'இவள் தலையெழுத்து' என்றனர். இன்று 'இவள் குருதிவழி அப்படி' என்கின்றனர். சொல் மாறிற்றேயன்றிப் பழி மாறவில்லை. மரபணு தலையெழுத்தன்று என்பதற்கு, அவர்கள் மண்ணிற் புதைக்கும் நஞ்சுக்கொடியே தலையாய சான்று.

கருவுற்ற முட்டை என்பது ஒரேயோர் உயிரணு; செல் என்று பிறர் வழங்குவது. அது பிளந்து பிளந்து பெருகி, ஏறத்தாழ 5-ஆம் நாளில், உள்ளே குடைவுடைய ஒரு சிறு கோளமாகிறது. அக்கோளத்தின் அகத்தே திரண்ட உயிரணுக்கள் மகவாகின்றன. புறத்தே சூழ்ந்தவை கொடியாகின்றன. ஆக, நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி தாயுறுப்பன்று, மகவின் உடன்பிறப்பு. அவ்வுயிரணுக்களின் மரபணுவில் பாதி தந்தை தந்தது. கொடியில் நேர்ந்த குறைக்குப் பெண்ணின் குடிவழியை மட்டும் பழிப்போர் முதற்கண் இதனை உணர்தல் வேண்டும்.

புறத்தே சூழ்ந்தவற்றுள் குருத்துயிரணுக்கள் என்பன உள. தம்மைப்போன்றே பெருகவும், வேண்டுங்கால் வேறு வடிவு கொள்ளவும் வல்லவை அவை. அவற்றினின்று இருவகை உயிரணுக்கள் கிளைக்கின்றன. ஒருவகை, ஒன்றோடொன்று இடைச்சுவர் கரைந்து கலந்து ஒரே படலமாகித் தாயின் குருதியில் தோய்ந்து நின்று, மகவுக்கு ஊட்டமும் உயிர்வளியும் கொணர்கிறது. கருவுற்றமையைச் சிறுநீரில் காட்டும் ஊக்குநீரும் இப்படலம் சுரப்பதே. மற்றொரு வகை, கருப்பைச் சுவரைத் துளைத்துச் சென்று, தாயின் குருதிக்குழாய்களை அகலச் செய்து வாய்க்கால் வெட்டுகிறது. நிறைசூற் கொடி ஏறத்தாழ 500 கிராம் எடையே உடையது. அதன் நுண்விரலிகளை விரித்துப் பரப்பினாலோ 10 சதுர மீட்டருக்கும் மிகும்!

ஊட்டும் படலத்திற்கு ஒரு மரபணுத் தொகுதியும், துளைக்கும் உயிரணுவிற்கு வேறொரு தொகுதியும் உள்ளனவா? இல்லை. மாந்தனுக்குப் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவை இரண்டினும் உள. எழுத்து ஒன்றே, படிக்கப்பெறும் பக்கங்களே வேறு. 'செய்' என்னும் முதனிலையை நோக்குக. தனித்து நிற்கும்வரை அஃது எவ்வீற்றையும் ஏற்கும். 'செய்தான்' என்று முற்றியபின் 'செய்வாள்' ஆகாது. ஆயினும் 'செய்' என்பது இரண்டினும் அழியாது கிடக்கிறது. குருத்துயிரணுவின் நிலையும் இத்தகையதே.

படிக்கும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதும் யாங்ஙனம்? அதற்கு வழி பல. ஒன்றைத் தமிழ் எழுத்தைக் கொண்டே விளக்கலாம். 'க' என்னும் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி இட்டால் 'க்' ஆகிறது. எழுத்து அழியவில்லை, உயிரோசை மட்டும் அடங்கிற்று. மரபெழுத்தின் மீதும் மெத்தில் என்னும் நுண்புள்ளி ஏறுகிறது. ஏறிய இடத்து மரபணு பெரும்பாலும் வாய் மூடுகிறது. எல்ஃப்-5 என்னும் மரபணு, மகவாகும் உயிரணுக்களில் புள்ளியேறி அடங்கியிருப்பதையும், கொடியாகும் உயிரணுக்களில் புள்ளியின்றிப் பேசுவதையும் 2008-இல் எலிக்கருவில் கண்டறிந்தனர்.

கொடியின் குருத்துயிரணு ஊட்டும் படலமாக மாறுங்கால், பெருக்கத்தை நடத்திவந்த டீட்-4 முதலான மரபணுக்கள் அடங்குகின்றன. இடைச்சுவரைக் கரைக்கும் சின்சைட்டின் மரபணு எழுகிறது. இச்சின்சைட்டின், பண்டைக்காலத்தில் நம் முன்னை உயிரினத்துள் புகுந்து தங்கிவிட்ட ஒரு நச்சுயிரியின் எச்சம் என்பது 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. நச்சுயிரி விட்டுச்சென்ற எழுத்தும், படிக்க வேண்டிய இடத்தில் படிக்கப்பெறின், மகவுக்கு ஊட்டும் கையாகிறது!

இம்மாற்றத்தை உடலுக்கு வெளியே வைத்துக் காண அறிஞர் நெடிது உழைத்தனர். 1998-இல் கனடா நாட்டு டொரான்டோ நகரில் சானெட் உரோசந்து குழுவினர், எலியின் கொடிக் குருத்துயிரணுவை ஆய்வுக் கலத்தில் வளர்த்தனர். வளர்ச்சியூக்கும் புரதத்தை நிறுத்தியதும் அவ்வுயிரணுக்கள் குருத்துநிலை நீங்கி வேறுபட்டன. மாந்தக் கொடிக்கு அம்முறை கைகொடுக்கவில்லை. 20 ஆண்டு கழித்து, 2018-இல், சப்பான் நாட்டுத் தோகோக்குப் பல்கலைக்கழகத்தின் இரோவாக்கி ஒக்காயே, தக்காகிரோ அரிமா ஆகியோரின் குழு அதில் வெற்றி கண்டது. வளர்க்கும் நீர்மத்தை மாற்றி, ஒரே குருத்தினின்று ஊட்டும் படலத்தையும் துளைக்கும் உயிரணுவையும் அவர்கள் தனித்தனியே பெற்றுக் காட்டினர். சூழல் மாறப் படிப்பு மாறிற்று, எழுத்து மாறவில்லை.

தோழர்களே! படிப்புப் பிழைத்தால் என்னாகும் என்பதே இவ்வுரையின் உயிர்நிலை. 2020-இல் அமெரிக்காவின் கன்சாசு பல்கலைக்கழக மருத்துவ மையத்துச் சௌமன் பால் குழுவினர், அடுத்தடுத்துக் கருச்சிதைவுற்ற பெண்டிர் சிலரின் கொடிகளில் டீட்-4 குன்றியிருந்ததைக் கண்டனர். குருத்து பெருகாதவழிக் கொடி ஏது? கொடியில்லாதவழி மகவு ஏது?

அதற்கு முன்பே, 2003-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாசுடன் நகரில் ஆய்வு நடத்திய ஆனந்த் கருமாஞ்சியும் அவர்தம் குழுவினரும், பேறுகாலக் குருதிக்கொதிப்பு நோயுற்ற தாய்மாரின் கொடிகளில் எம்மரபணு மிகுந்து பேசுகிறது என்று தேடினர். எஃப்.எல்.டி.-1 என்னும் மரபணுவினின்று வரும் புரதத்தின் குறைவடிவம் அளவிறந்து கிடந்தது. முழுவடிவம் உயிரணுவின் மேல் ஊன்றி நிற்பது. குறைவடிவமோ குருதியில் மிதந்து திரிந்து, தாயின் குருதிக்குழாய்களைக் காக்கும் புரதங்களைக் கவர்ந்துகொள்வது. அதனைச் சூலெலிக்குச் செலுத்தினர்; எலிக்கும் குருதியழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் கழிந்தது. தொடரைப் பாதியில் நிறுத்திப் படித்தால் பொருள் கெடுவது போன்றதே இது. இவ்வறிவின் பயனாக, அக்குறைவடிவத்தை அளந்து நோய் கடுமையாகுமா என்று முன்னறியும் குருதியாய்வுக்கு அமெரிக்க அரசு 2023-இல் இசைவளித்தது.

இந்நோய் உலகில் சூலுற்ற 100 பேருள் 2 முதல் 8 பேரை வருத்துகிறது. குடிவழிச் சார்பு ஓரளவு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. முதற்சூல், இரட்டைக் கரு, முன்னரே உள்ள குருதிக்கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியனவும் அதனோடு சேர்கின்றன. ஆனால், சார்பு வேறு, தீர்ப்பு வேறு! மழைமேகம் கண்டவன் குடை எடுப்பானேயன்றி, 'நனைவது என் தலையெழுத்து' என்று முற்றத்தில் நிற்பானா?

எனவே, சூலுற்ற மகளோ மருமகளோ உள்ள இல்லத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊர்ச் செவிலி குருதியழுத்தம் பார்க்க அழைக்கும் நாளில், 'நாற்றுநட உள்ளது, ஆலைக்குப் போக உள்ளது' என்று தள்ளாதீர்கள். 20 கிழமைக்குப்பின் அழுத்தம் 140-க்கு 90 என்னும் அளவைத் தொட்டாலும், தீராத் தலைவலி, கண்மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகம் வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், திருநீறு பூசிக் காத்திராதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கருச்சிதைவுற்று மீண்ட பெண்ணிடம் குலத்தையும் குருதியையும் கிளறாதீர்கள். அவளுக்கு வேண்டுவது ஆய்வும் ஊட்டமும் ஆறுதலும்.

மகவு பிறந்தவுடன் எல்லாருடைய கண்ணும் மகவின் முகத்தையே நாடும். அவ்வேளை, கொடி முழுமையாக விழுந்ததா என்று செவிலியை வினவுவார் ஒருவரேனும் அங்கிருத்தல் வேண்டும். பிறப்பதற்கு முன் உயிர் ஊட்டியது அது. தங்கிவிடின் உயிர் குடிப்பதும் அதுவே. மரபணு எழுதி வைத்தது இது என்று கைகட்டி நிற்காமல், படிப்பைக் கண்காணிக்கக் கற்போம், தாய்மாரைக் காப்போம்!