பட்டறையில் கற்றது வீண்போகாது
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ஹூலியோ கொன்சாலஸ் என்ற சிற்பியைப் பற்றிப் பேசப்போகிறேன். பிகாசோவைத் தெரிந்த அளவுக்கு இவரை நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால், இரும்பில் சிற்பம் செய்ய வேண்டும் என்று வந்தபோது பிகாசோ உதவி கேட்டுப் போனது இவரிடம்தான்.

1876இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தார். உலோக வேலை செய்யும் குடும்பம். அப்பாவின் பட்டறையில் அண்ணனோடு சேர்ந்து தொழில் பழகினார். ஆசை என்னவோ ஓவியத்தின் மேல். 1900 வாக்கில் பாரிசுக்குப் போனார். அங்கே அவருக்குச் சோறு போட்டது ஓவியமல்ல. நகையும் அலங்கார உலோகப் பொருள்களும் செய்யும் கைத்தொழில்தான்.

1918இல் பாரிசை ஒட்டியிருந்த ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே கற்றது கேஸ் வெல்டிங். நம் வீடுகளுக்கு வரும் ஏ.சி. மெக்கானிக் செப்புக் குழாயை ஒட்ட ஒரு டார்ச்சைப் பற்றவைப்பாரே, அந்த வகைதான். ஆக்சிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்து எரியும் சுடரின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். இரும்பே உருகி இரும்போடு ஒன்றாகிவிடும்.

இதில் சிற்பத்துக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். அதுவரை சிற்பம் என்றால் பெரும்பாலும் கல்லைச் செதுக்க வேண்டும், அல்லது அச்செடுத்து உலோகத்தை வார்க்க வேண்டும். வெல்டிங் தெரிந்தவருக்கோ மெல்லிய கம்பியும் தகடும் போதும். காகிதத்தில் கோடு இழுப்பதுபோல் காற்றிலே இழுக்கலாம். நடுவில் விட்ட வெற்றிடமும் உருவத்தின் பகுதியாகிவிடும்.

ஆனால் கற்ற வித்தை உடனே பலன் தரவில்லை. பத்து வருடம் கழித்து, 1928இல்தான் பிகாசோ வந்தார். அப்போது கொன்சாலசுக்கு வயது 52. இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள். கொன்சாலஸ் இரும்புச் சிற்பத்தில் முழுமூச்சாக இறங்கியதும் அதன் பிறகுதான். 1937 பாரிஸ் கண்காட்சியில், பிகாசோவின் 'குவெர்னிகா' ஓவியம் இருந்த அதே ஸ்பெயின் அரங்கில், இவருடைய 'மொன்செராட்' சிலையும் நின்றது. தலையில் முக்காடு, ஒரு கையில் குழந்தை, மறு கையில் அரிவாள். இரும்புத் தகட்டில் உருவான குடியானவப் பெண். உள்நாட்டுப் போரில் சிக்கிய தன் நாட்டுக்காக அவர் செய்தது அது.

1942இல் அவர் காலமானார். வித்தை நிற்கவில்லை. அமெரிக்காவில் டேவிட் ஸ்மித் என்ற இளைஞர் 1925இல் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிகாசோ, கொன்சாலஸ் செய்த சிற்பங்களின் படங்களைப் பத்திரிகையில் பார்த்தார். 'இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே' என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1933இல் வெல்டிங்கில் சிற்பம் செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரயில் எஞ்சின் கம்பெனியில் வெல்டராகவும் இருந்தார். 1962இல் இத்தாலியில், மூடிக் கிடந்த ஆலைகளில், பழைய இரும்பைக் கொண்டு 30 நாளில் 27 சிற்பங்கள் செய்தார்.

இதை இன்று சொல்லக் காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பில் ஒரு பையன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சிக்குப் போக விரும்புகிறான். நன்றாகப் படமும் வரைவான். "இரண்டுமே சோறு போடாது சார்" என்று அவன் அப்பா என்னிடம் வருத்தப்பட்டார். அவர் கவலை நியாயமானது. வெல்டிங் கற்றவரெல்லாம் சிற்பி ஆவதில்லை. ஆனால் கொன்சாலசின் கலை, சோறு போட்ட தொழிலின் மேல்தான் எழுந்து நின்றது. கைக்கு வந்த தொழிலைத் தாழ்வாக நினைத்து ஒரு பிள்ளையைத் தடுத்தால், அவனுக்குள் இருக்கும் கலைஞனையும் சேர்த்துத் தடுக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள்தான் கிடக்கின்றன. அதைக் காலி செய்து ஒரு மேசை, ஒரு வைஸ், சில கைக்கருவிகள் போட்டால், சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ரம்பமும் அரமும் பிடிக்கக் கற்றுத்தர நான் தயார். வெல்டிங் அங்கே வேண்டாம். அதற்கு முறையான பயிற்சி தேவை. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். அதற்குள் வீட்டில் சும்மா கிடக்கும் சுத்தியல், ஸ்பேனர் இருந்தால் எடுத்து வையுங்கள்.