கேள்வி நேரம் வரை இருங்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகம் அங்கே படிப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். கிராமத்துக் களரியில் விடிய விடிய ஆடிய கூத்து, அங்கே சுருங்கிச் செம்மைப்பட்டு மீண்டும் மக்களிடம் வந்தது. ஊரும் பல்கலைக்கழகமும் அப்படிக் கொடுத்து வாங்கின. அவரே பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

அங்கே கைலாசபதி கலையரங்கில் நடக்கும் பேருரைகளுக்கும் கலைவிழாக்களுக்கும் நாமும் போகவேண்டும். மருத்துவராகச் சொல்கிறேன்: நீரிழிவு பற்றிய சொற்பொழிவில் பாதிப் பயன் கேள்வி நேரத்தில்தான். "விரத நாளில் இன்சுலின் போடலாமா?" என்று ஒரு தாய் எழும்பிக் கேட்டால், கேட்கத் தயங்கிய பத்துப் பேருக்கும் விடை கிடைக்கும். ஆனால் இருட்டுகிறது, பஸ் போய்விடும் என்று முதலில் வெளியேறுகிறவர்கள் பெண்கள்தான்.

ஆகவே, திரும்பிவர வாகனம் ஒழுங்குசெய்வதை நமது சங்கம் பொறுப்பேற்கட்டும். அம்மாமாரையும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் சகோதரிகளே, உங்கள் துறையைப் பற்றி ஒருநாள் தமிழில் பேசிவிட்டுப் போங்கள்.