உத்தியோகச் சுமையும் நாலு வரிக் கவிதையும்
(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"கவிதை எழுதினால் ஆபீஸ் டென்ஷன் குறையுமா?" என்று நம் அங்கத்தினர் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் மும்பையில் வங்கி உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 10ஆம் தேதி கவுண்டர் திறந்தோம். அந்த வாரம் சனி, ஞாயிறு கூட லீவு இல்லை. ஒருவருக்கு 4000 ரூபாய் மாற்றலாம் என்றார்கள். சில நாளில் அது 4500 ஆகி, பிறகு 2000 ஆயிற்று. விதி மாறும்போதெல்லாம் ஜனங்களின் கோபம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் மேல்தான் விழும்.

ராத்திரி லோக்கல் ரயிலில் டோம்பிவிலி திரும்பும்போது டயரியில் எழுத ஆரம்பித்தேன். முதலில் வேதனை, சோர்வு, விரக்தி என்று பெரிய வார்த்தைகளாகப் போட்டேன். பாரம் இறங்கவில்லை. பிறகு அன்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன்:

இன்று எண்ணிய நோட்டுகளில்
ஒன்றுகூட என்னுடையது இல்லை.
விரல் நுனி அழுக்கு மட்டும்
வீட்டுக்கு வருகிறது.

என் அகத்துக்காரி அதைப் படித்துவிட்டு, "இதனாலதான் பத்து நாளா பேசலையா? எம்மேல கோபம்னு நெனச்சேன்" என்றாள். அன்று இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

'பர்ன் அவுட்' என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் 1974இல் ஒரு கட்டுரையில் எழுதியவர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களை வரையறுத்தது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும், திறமை குறைந்துவிட்டதென்ற உணர்வு. இதை வியாதி என்று அந்நிறுவனம் சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் தொடரும் நெருக்கடியின் விளைவு என்றுதான் சொல்கிறது.

எழுதுவதால் பலன் உண்டா? ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிஷமாக நான்கு நாள் தங்கள் மனக்காயங்களை எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் உடனடியாகக் கொஞ்சம் கலங்கினார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் வைத்திய உதவி தேடிப் போனது குறைந்தது. அவர்கள் எழுதியது உரைநடை. கவிதைக்குக் கூடுதலாக ஒரு சௌகரியம் உண்டு, அது சுருங்கச் சொல்ல வைக்கும். யாப்பு தெரிந்தவர்கள் வெண்பா முயலலாம். நாலடியில் பதினைந்தே சீர், புலம்ப இடமே கிடையாது!

இளைஞர்களுக்கு ஒரு யோசனை. ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பை மூடிய பிறகு, அன்று நடந்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். ஆறிப்போன காபியாக இருக்கலாம், எடுக்காமல் விட்ட அம்மாவின் போனாக இருக்கலாம். வாடிக்கையாளர் பெயரோ ஆபீஸ் ரகசியமோ வேண்டாம்.

கவிதை வேலை நேரத்தைக் குறைக்காது. லீவு கேட்க வேண்டிய இடத்தில் லீவு கேட்கத்தான் வேண்டும். தூக்கம் போய், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் டயரியை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

கடைசியாகப் பெரியவர்களுக்கு. பெங்களூரிலோ புனேயிலோ இருக்கும் பிள்ளையோ பெண்ணோ இப்படி நாலு வரி அனுப்பினால், "நாங்க பார்க்காத வேலையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். எழுத்துப் பிழையும் திருத்த வேண்டாம். "படிச்சேன், சாப்டியா?" என்று கேளுங்கள், போதும்.