தமிழோடு வரும் பிள்ளை



இந்தத் தாராவியில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் நம் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. அம்மா இட்லி விற்ற காசை எண்ணத் தெரிந்து வருகிறது. ஓயாமல் கேள்வி கேட்கத் தெரிந்து வருகிறது. அத்தனையும் தமிழில்! செருப்போடு அந்தத் தமிழையும் வாசலில் கழற்றச் சொன்னால் பிள்ளை ஊமையாகிவிடும். தமிழில் படிக்கப் பழகிய பிள்ளை மராத்தியையும் ஆங்கிலத்தையும் பின்னர் எட்டிப் பிடிக்கும். ஆசிரியை என்ற முறையில் இது என் உறுதியான நம்பிக்கை.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மாநிலமும் உள்ளாட்சியும் வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது, 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு. மும்பை மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகள் நடத்துவது யாரும் போட்ட பிச்சை அல்ல! நாம் பிள்ளைகளைச் சேர்த்தால்தான் அவை நிலைக்கும். வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அடிப்பதையும் தடுக்கிறது.

நீங்களோ, “கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க டீச்சர்” என்கிறீர்கள். அடி அச்சத்தைத்தான் கற்பிக்கும். இரவில், “இன்னிக்கு என்ன படிச்சே, கண்ணு?” என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கேட்கலாம். கேட்க ஆளிருந்தால் பிள்ளை படிக்கும்.